தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் தேடுகிறார் அம்மா

கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கத்து ஊரிலிருந்து 45 வயது ஆசிரியை ஒருவர் ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 2018-ல் உயில் எழுதாமல் இறந்தார். மார்த்தாண்டத்துக்கு அந்தப்புறம் 12 சென்டில் ஒரு வீடு, அது அப்பா பெயரில். அதை ஒட்டி 40 சென்ட் ரப்பர். அது 1988-ல் அம்மா தன் நகையை விற்று, தன் பெயரில் வாங்கியது. அம்மாவுக்கு இப்போது 73 வயது, வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி மஸ்கட்டில். தம்பி மனைவி பிள்ளைகள் படிப்புக்காக நாகர்கோவிலில் வீடெடுத்து இருக்கிறார். ஏழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வாசகிதான் இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறார். பிரஷர், சுகர் மாத்திரை, கண்புரை ஆபரேஷன், பால்வெட்டுக்காரருக்குக் கூலி, ஒட்டுபால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) விற்ற கணக்கு எல்லாம் அவர் கையில்.

இந்த ஜனவரியில் தம்பி லீவுக்கு வந்தபோது வீடு, ரப்பர் இரண்டையும் அம்மா அவருக்கு செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து, அடுத்த வீட்டு அக்கா வாய்தவறிச் சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது. கேட்டபோது அம்மா சொன்னதாகக் கடிதத்தில் இருப்பது: “ஒனக்குத்தான் அம்பது பவுன் போட்டு அனுப்பியாச்சே மக்ளே. ஒனக்க வீட்டுல வந்து கெடக்க முடியுமா? கடைசில அவனுக்க கையிலதானே போய்ச் சேரணும்.” வேண்டுமென்றால் பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து ஐந்து வாரமாக வாசகி போகவில்லை. நடுவில் அம்மா தெரிந்த ஆட்டோவில் ஒரு சாக்கு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) கொடுத்துவிட்டிருக்கிறார். அதையும் திருப்பி அனுப்பிவிட்டார். “சொத்து வாங்கினவன் பார்க்கட்டும், நீ இனிப் போகாதே” என்பது கணவரின் முடிவு. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா, அம்மாவைப் பார்க்காமல் இருந்தால் சட்டப்படி குற்றமா, “அம்மாவுக்கு என்மேல் பாசமே இருந்ததில்லையா” என்று மூன்று கேள்விகள். இடையிடையே “இதைச் சொத்துக்காகக் கேட்கவில்லை” என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

அந்த நான்கு இடங்களிலிருந்தே தொடங்குகிறேன். சொத்துக்காகவும்தான் கேட்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறேன். எந்த மகனும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து “சொத்துக்காக இல்லை வக்கீலம்மா” என்று தொடங்கியதில்லை. மகள்கள்தான் அப்படித் தொடங்குகிறார்கள். பங்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததால் அது வேறு உருவத்தில் வெளியே வருகிறது: அம்மா மீன்கறியில் புளி கூட்டினார், தம்பி பிள்ளைக்கு மட்டும் மோதிரம் போட்டார், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடவில்லை. உங்கள் கடிதத்தின் நான்கு பக்கம் அப்படிப்பட்ட கணக்குதான். அதை ஓரமாக வைத்துவிட்டு, உரிமையை உரிமையாகவே பார்ப்போம்.

வீடு வேறு, ரப்பர் வேறு

நீங்கள் இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அவை இரண்டு தனிக் கதைகள்.

ரப்பர் 40 சென்ட் அம்மா தன் பணத்தில் தன் பெயரில் வாங்கியது. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சுயநினைவோடு, மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல் எழுதியிருந்தால், மகள் என்ற முறையில் நீங்கள் கேள்வி கேட்க இடமில்லை. வருத்தப்படலாம், வழக்குப் போட முடியாது.

வீடு அப்படியில்லை. உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. (இந்துக் குடும்பமாக இருந்து, அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்திருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும், சட்டம் வேறு.) அம்மா தன் பங்கைத்தான் கொடுக்க முடியும். வீடு முழுவதையும் எழுதியிருந்தாலும், அந்தப் பத்திரம் அவர் பங்கின் அளவுக்கே செல்லும். உங்கள் மூன்றில் ஒரு பங்கு, 12 சென்டில் 4 சென்டுக்குச் சமமான உரிமை, அப்படியேதான் இருக்கிறது. அதனால் நீங்கள் பத்திரத்தை ரத்து செய்ய ஓடவேண்டிய அவசியமே இல்லை. அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிப் பங்கைக் கேட்டால் போதும்.

“பட்டா அம்மா பெயருக்கு மாறிவிட்டதே, நானே கையெழுத்துப் போட்டேனே” என்று கவலைப்படுகிறீர்கள். பட்டா என்பது வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு. அது யார் பெயரில் இருந்தாலும் வாரிசுரிமையை உண்டாக்காது, அழிக்காது. “அம்மா பெயருக்கே மாற்றட்டும்” என்று கிராம அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாள் உங்கள் பங்கைக் கொண்டுபோய்விடாது. நிலத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். 2018-க்குப் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் ஏதாவது கையெழுத்தும் கைரேகையும் வைத்தீர்களா? வைத்திருந்தால் நான் சொன்னது மாறும். இல்லையென்றால் வில்லங்கச் சான்று ஒன்றும், ஜனவரி செட்டில்மென்டின் சான்றிட்ட நகல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு அக்கா சொன்னதை வைத்து நாம் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டிருக்கிறோம். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்பது பவுன்

இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

“நகை போட்டு அனுப்பியாச்சு, பங்கில்லை” என்று உங்கள் அம்மா சொன்னது அவர் மனதிலிருந்து புதிதாக வந்ததல்ல. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று கொல்லம் ஆண்டு 1092-ல், அதாவது 1916-ல், ஒரு வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் ஸ்ரீதனம் கொடுக்காதிருந்தால், கொடுப்பதாகச் சொல்லாமலிருந்தால். ஸ்ரீதனம் வாங்கியவளுக்கு அதோடு முடிந்தது. விதவைக்குக் கிடைப்பதுகூட ஆயுள் வரைக்குமான அனுபவம்தான். மறுமணம் செய்தால் அதுவும் போகும். இதே மண்ணில், இதே காலத்தில், நாயர் தறவாடுகளில் (கூட்டுக் குடும்பங்களில்) சொத்து பெண்வழியாக இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு வீட்டில் மகள்தான் வாரிசு, பக்கத்து வீட்டில் மகளுக்கு ஐயாயிரம்.

இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அப்போது உங்களுக்கு ஆறு வயது. தீர்ப்பின் முக்கியமான வரி என்னவென்றால், மாறுதல் அன்றைக்கு வரவில்லை. 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியே பழைய திருவிதாங்கூர் சட்டம் போய், இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது என்பதுதான். முப்பத்தைந்து வருடம் ஊர் முழுக்கச் செத்துப்போன சட்டத்தை வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்துக்கு வாருங்கள். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தாத்தா 1979-ல் இறந்தபோது திருவட்டாறு பக்கத்து நிலம் முழுவதும் மாமாமார் மூவருக்கும் போனது, அம்மாவுக்கு ஏற்கெனவே கல்யாணத்தில் போட்ட நகை மட்டும் என்று. தாத்தா உயில் எழுதவில்லை என்றால், அந்த நிலத்தில் உங்கள் அம்மாவுக்கு அண்ணன்மாருக்கு நிகரான பங்கு இருந்தது. 1979-லேயே இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இன்று அதைக் கேட்கக் காலம் கடந்துவிட்டது. தன் கையில் மிஞ்சிய நகையை விற்று அவர் 40 சென்ட் வாங்கினார். பிறந்த வீட்டில் மறுத்ததை நகை விற்று உண்டாக்கிய பெண், அதே நிலத்தைத் தன் மகளுக்கு மறுக்கிறார். காரணமாகத் தன்னிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தைச் சொல்கிறார்.

வாக்கியம் சட்டப்படி தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, தகப்பன் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணமோ பொருளோ அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கப்படாது என்கிறது. உங்கள் அம்பது பவுனும் கழியாது; தம்பி படிப்புக்கும் விசாவுக்கும் செலவழித்ததும் கழியாது. நகை கணக்கை யார் எடுத்தாலும் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

“அவனுக்க கையிலதானே போய்ச் சேரணும்”

அம்மாவுக்குப் பாசமே இல்லையா என்ற கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் என் மேஜைக்கு வந்து போன அம்மாக்களைப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுதிக் கொடுத்தால்தான் வருவான் என்று பயமிருக்கும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதாமலே சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு எழுதத் தோன்றுவதில்லை. மகள் வீட்டில் போய்க் கிடந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது இங்கே இன்னும் நெஞ்சில் கிடக்கிற பயம். கடைசிக் காலத்துக்கு மகன் வீட்டில் ஒரு கட்டில் வேண்டும், அதற்கு முன்பணமாக 12 சென்டும் 40 சென்டும். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. உங்கள் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டார், அதை மறைத்தும் விட்டார், அது அநியாயம்தான். நீங்கள் கோபப்பட்டதில் தவறில்லை. மரச்சீனியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு இருக்கும் ஆபத்து

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத பெரிய விஷயம் “பிறகு மாற்றி எழுதலாம்” என்று அவரிடம் சொல்லப்பட்டது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். எழுதியவர் இறந்த பிறகுதான் அது வேலை செய்யும். செட்டில்மென்ட் அப்படியில்லை. பதிவு செய்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டால் அன்றே கைமாறிவிடும். கொடுத்தவர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. அம்மா உயில் என்று நினைத்துக்கொண்டு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார் போலத் தெரிகிறது.

அதனால் நகல் கையில் வந்ததும் உங்கள் பங்கைத் தேடுவதற்கு முன்னால் இரண்டைத் தேடுங்கள். அம்மா உயிருள்ளவரை வீட்டில் இருக்கவும் ரப்பர் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை வைத்துக்கொண்டிருக்கிறாரா? தம்பி அவரைப் பராமரிக்க வேண்டும் என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டுமா என்பதில் இழுபறி உண்டு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகப் பார்த்தது. 2025 ஜனவரியில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட் வழக்கில், அன்பும் பாசமுமே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்றது. மனுவைக் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்குப் பத்மநாபபுரம் கோட்டம்.

ஆனால் இது அம்மாவின் கதவு, உங்களுடையதல்ல. அவர் கைவிடப்பட்டால் அவர் கேட்கலாம், அவர் சொன்னால் அவருக்காக நீங்கள் போகலாம். “அம்மாவை வைத்து ஒரு மனுப் போட்டால் என்ன” என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி மாதம் பணம் அனுப்புகிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். கைவிடாத மகன்மேல் 73 வயது அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தால், தீர்ப்பாயத்தில் நிற்காது; வீட்டில் அவருக்கு நிற்கவே இடமிருக்காது.

“வாங்கினவன் பார்க்கட்டும்” என்பதும் சட்டத்தில் செல்லாது. 2007 சட்டத்தில் பிள்ளை என்றால் மகனும் மகளும்தான். கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. இந்தப் பொறுப்பு சொத்து வாங்கியதைப் பொறுத்து வருவதில்லை. ஐந்து சனிக்கிழமை போகாததற்காக யாரும் உங்களைச் சிறையில் போடப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் செலவையும் அலைச்சலையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு ஆள் வைத்து, அந்தச் சம்பளத்தைத் தம்பி கொடுக்கட்டும். இதை ஏழு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

முதலில் தம்பியிடம் நேராகப் பேசுங்கள். கணவர் பேச வேண்டாம், மாமாமாரும் வேண்டாம். “வீட்டில் எனக்கு மூன்றில் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியுமா” என்று மட்டும். அவருக்கும் தெரியாமலிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மஸ்கட்டில் இருப்பவருக்கு ஊரில் சொல்லிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். ஒத்துவந்தால், உங்கள் பங்குக்கு மதிப்புப் போட்டுப் பணமாக வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அல்லது பாகப்பத்திரம் போட்டு இடமாக வாங்கலாம். 12 சென்டில் வீடு நடுவில் இருந்தால் பணமே நல்லது. எதை எழுதினாலும், அம்மா ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் உரிமையை அந்தப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் செட்டில்மென்டில் விட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்ய இதுதான் வாய்ப்பு, அதைச் செய்ய முடிந்த ஆள் நீங்கள்தான்.

ஒத்துவராவிட்டால் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்துச் சமரசம் பேசலாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். அதுவும் நடக்காவிட்டால் பாக வழக்கு. நோட்டீஸ் போன அன்றே பேச்சு நின்றுவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். தம்பி வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ முயல்கிறார் என்று தெரிந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

எதுவும் கேட்காமல் விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. விடுவதானால் தெரிந்து விடுங்கள், “எனக்கு என்ன இருக்கிறது” என்று நினைத்துக்கொண்டு விடாதீர்கள். கடைசிப் பக்கத்தில், மகளுக்காக நகைச்சீட்டு கட்டுவதாகவும், மாடியில் ஒரு தளம் எழுப்புவது “மகனுக்கு” என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் பேசப் போகும்போது பத்திர நகலைக் கொண்டுபோகாதீர்கள். 1979-ஐப் பற்றிக் கேளுங்கள். திருவட்டாறு நிலம் எத்தனை ஏக்கர், என்ன மரம் நின்றது, பாகம் வைத்த அன்று அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், யாராவது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா. பிறகு அந்த நிலத்தில் அவருக்கும் பங்கு இருந்தது என்று சொல்லுங்கள். அழலாம், உங்களைத் திட்டவும் செய்யலாம். அதற்குப் பிறகு அம்பது பவுன் பேச்சு வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். கடைசியாகப் போனபோது ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கி வைத்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது, தீர்ந்திருக்கும். அடுத்ததை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று இன்றே போன் செய்து கேளுங்கள். பத்திர நகலை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.